காரில் ரேடியோ கரகரக்கிறதா? சத்தத்தை வைத்தே காரணத்தைப் பிடிக்கும் வழி

திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் எங்கள் காரில் பல வருடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் தஞ்சாவூரைத் தாண்டி பட்டுக்கோட்டைச் சாலையில் போகும்போது, செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மேல் கனமான ஓர் இரைச்சல். நிலையத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் ஒரு மாலை, பின்கண்ணாடியில் இருந்த டேஷ்கேம் வயரில் பை மாட்டி இழுத்ததில் பிளக் கழன்றது. அந்த நொடியே குரல் பளிச்சென்று வந்தது. அந்தக் கேமராவை மாட்டி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பல வண்டிகளில் இந்தத் தொல்லையைத் தேடியிருக்கிறேன். பெரும்பாலான வண்டிகளில் காரணம், ஷோரூமிலிருந்து வண்டி வந்த பிறகு நாம் வாங்கி மாட்டிய ஏதோ ஒரு பொருளாகத்தான் இருந்தது. இதற்கு நியாயமும் உண்டு. காரோடு வரும் மின்னணுப் பாகங்கள் வண்டிக்குள் இருக்கும் ரேடியோவைக் கெடுக்காமல் இருக்க சிஸ்பர் 25 என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. இந்தியாவில் வாகனங்களின் மின்காந்தத் தொல்லைக்கு ஏஐஎஸ் 004 என்ற விதி இருக்கிறது. கடையில் 150 ரூபாய்க்கு வாங்கும் சார்ஜர் இந்தச் சோதனைகள் எதையும் பார்த்திருக்காது.

ஆகவே ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் சத்தம் எப்படி இருக்கிறது, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேளுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம்

வண்டியை வீடுகள், மின்கம்பிகள், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத திறந்த வெளியில் நிறுத்துங்கள். வீட்டு வாசலில் நின்று சோதித்தால் பக்கத்து வீட்டு எல்இடி பல்பின் இரைச்சலுக்காகக் காரைப் பிரித்துப் போடுவீர்கள்.

936 போன்ற நிலையங்கள் வரும் மீடியம் வேவ் இருக்கும் செட் என்றால், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து ஒலியைக் கூட்டுங்கள். எஃப்எம் மட்டும்தான் என்றால் பலவீனமாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். பலமான நிலையத்தில் வைத்தால் தொல்லை ஒளிந்துகொள்ளும். எஃப்எம் செட் அலையின் உயரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை வெட்டி எறிந்துவிடும். நிலையம் பலவீனமானால்தான் இரைச்சல் மேலே வரும். மீடியம் வேவில் அந்த உயரம்தான் ஒலியையே சுமக்கிறது. அதனால் காரின் எல்லாக் குப்பையும் அப்படியே காதில் விழும். தேடுவதற்கு அதுதான் வசதி.

இப்போது நான்கு நிலைகளில் கேளுங்கள். சாவி ரேடியோ ஓடும் நிலையில் மட்டும். அடுத்து சாவி முழு ஆனில், என்ஜின் ஓடாமல். அடுத்து என்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல். கடைசியாக கியர் நியூட்ரலில், ஆக்ஸிலரேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கி. எந்த நிலையில் சத்தம் புதிதாகச் சேர்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லாரும் விட்டுவிடும் ஒரு சோதனை: ரேடியோவிலிருந்து புளூடூத்துக்கு மாற்றி, பாட்டை நிறுத்தி வைத்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். அங்கேயும் அதே சத்தம் வந்தால் அது காற்றில் ஆன்டெனா வழியாக வரும் தொல்லை இல்லை. பவர் வயர் வழியாகவோ எர்த் (பாடியோடு இணைந்த மைனஸ்) வழியாகவோ நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. ரேடியோவில் மட்டும் வந்தால் ஆன்டெனாவைச் சந்தேகப்படலாம். செட் வெளியே எடுத்த நிலையில் இருந்தால் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், இன்னும் உறுதியாகத் தெரியும்.

மூன்று எச்சரிக்கைகள். ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடுவது நல்ல முறைதான். ஆனால் ஏர்பேக் ஃபியூஸைத் தொடாதீர்கள், ஓடும் வண்டியில் எந்த ஃபியூஸையும் எடுக்காதீர்கள், பெட்டியைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டாவது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றும் பழக்கம் இன்னும் சில மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அப்போது எழும் மின்னழுத்தம், என்ஜினை நடத்தும் கணினியான ஈசியுவையே கொன்றுவிடும். யாரையும் உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். மூன்றாவது, ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் என்றால் உயிரைப் பறிக்கும் அழுத்தம். கை வைக்கக் கூடாது.

என்ஜினோடு சேர்ந்து வேகமாகும் டிக் டிக், டர்ர்

இது ஸ்பார்க்கின் குரல். ஒவ்வொரு ஸ்பார்க்கும் ஒரு சின்ன மின்னல். அது ஒரே சமயத்தில் மீடியம் வேவிலிருந்து எஃப்எம்மைத் தாண்டியும் இரைச்சலை வீசும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் காதாலேயே நிறையக் கண்டுபிடிக்கலாம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஐடிலில் வினாடிக்குச் சுமார் 27 முறை பற்றவைக்கிறது. மூன்று சிலிண்டரில் 20. இந்த வேகத்தில் தனித்தனி டிக் கேட்காது, ‘டர்ர்’ என்று ஒட்டிக் கேட்கும். 3000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டருக்கு வினாடிக்கு 100. ஆனால் ஐடிலில் கிட்டத்தட்ட எண்ண முடிகிற மாதிரி, வினாடிக்கு ஆறு ஏழு டிக் மட்டும் கேட்டால்? அது ஒரே ஒரு சிலிண்டர். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் மாற்றும் முன் அந்த ஒன்றைத் தேடுங்கள்.

முதலில் பிளக். ரேடியோ தொல்லையைக் குறைக்க, உள்ளே சுமார் 5 கிலோ ஓம் தடை வைத்த பிளக்குகளைத்தான் கார் நிறுவனங்கள் சொல்கின்றன. என்ஜிகே நிறுவனத்தின் பிளக் எண்ணில் ‘ஆர்’ எழுத்து அதைக் காட்டும். பிபிஆர்6இஎஸ் என்பதில் உள்ள ஆர் அதுதான். விலை குறைவு என்று ஆர் இல்லாததை யாராவது மாட்டியிருந்தால் வண்டி நன்றாகவே ஓடும், ரேடியோதான் செத்துப்போகும். மல்டிமீட்டரில் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே அளந்தால் தெரிந்துவிடும். சில ஆயிரம் ஓம் காட்டினால் தடை இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இல்லை. பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும் ஸ்பார்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டியிருக்கும், இரைச்சலும் கூடும்.

பழைய வண்டிகளில் கனமான பிளக் வயர்கள் இருக்கும். அவற்றின் உள்ளே செம்புக்குப் பதில் கார்பன் பூசிய நூல். அதன் தடைதான் இரைச்சலை அடக்குகிறது. வருடங்கள் போக அந்த நூல் உள்ளேயே அறுந்து, அறுந்த இடத்தில் பொறி தாவும். இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்: பழுதான வயரிலோ கேப்பிலோ நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை உள்ளே விடாமல், சட்டை நுனி பெல்ட் பக்கம் போகாமல் பார்க்க வேண்டும்.

புதிய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஸ்பார்க்குக்கு மின்னழுத்தம் தரும் ஒரு காயில் (சுருள்) நேரடியாக உட்காரும். அங்கே வயர் இல்லை, ஆனால் காயிலின் ரப்பர் உறை வெடித்தால் அதே கதைதான். ஒரு சிலிண்டர் மட்டும் டிக்கடித்தால் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் போட்டு, சத்தத்தோடு, சிலிண்டர் பற்றாமல் போவதைக் காட்டும் மிஸ்ஃபயர் பிழை எண்ணும் இடம் மாறுகிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள்.

பானட், சைலன்சர் இரண்டும் இதில் பங்கு கொள்ளும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பானட் கீல்களில் எண்ணெயும் துருவும் படிந்து பாடியோடு தொடர்பு விட்டுப் போனால், கீழே எழும் இரைச்சலை மூடுவதற்குப் பதில் அதுவே பரப்பும். சைலன்சர் குழாயும் ரப்பர் வளையங்களில் தொங்கும் நீண்ட கம்பிதான். பின்னல் செம்புப் பட்டையால் பானட்டையும் பாடியையும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இணைத்தால் வேலை செய்யும். வண்டியில் ஷார்ட்வேவ் செட் வைத்திருக்கும் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்கள் முதலில் செய்யும் வேலையே இதுதான்.

டீசல் வண்டியில் ஸ்பார்க்கே கிடையாது. ஆனாலும் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டர்களைத் திறக்கப் பல பத்து வோல்ட் துடிப்புகள் போவதால் மெல்லிய டிக் வரலாம். அங்கே இன்ஜெக்டர் வயரிங்கைக் கலைக்காதீர்கள். ஈசியுவின் எர்த் போல்ட் இறுக்கமாக, துரு இல்லாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டரோடு சுருதி ஏறும் ‘கீஈஈங்’

கொசு பறக்கிற மாதிரி, என்ஜின் ஏற ஏற மேல் ஸ்தாயிக்குப் போகும் ஒரே சீரான ஒலி என்றால் ஆல்டர்னேட்டர். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சுமை கூடும்போது அந்த ஒலியும் தடித்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறு மின்சாரம். ஆறு டயோடுகள் அதை நேர் மின்சாரமாக்குகின்றன. அப்படி மாற்றும்போது சிறு அலை மிச்சமிருக்கும். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் 12 துருவங்கள், ஒரு சுற்றுக்கு 36 அலை. என்ஜினைவிட அது இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றினால், 800 ஆர்பிஎம் ஐடிலில் வினாடிக்கு 1200 அலை, 2000 ஆர்பிஎம்மில் 3000. காதுக்கு நன்றாகக் கேட்கும் எல்லை இது.

இங்கே மீட்டர் உதவும். பேட்டரி முனைகளில் ஏசி (மாறு மின்சார) வோல்ட்டில் வைத்து, என்ஜின் 1500 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் எரிய அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நலம். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியோவை மறந்துவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள், இல்லையென்றால் பேட்டரியும் சீக்கிரம் போகும். ஒரு சின்ன விஷயம்: மலிவான சில மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் நேர் மின்சாரத்தைச் சேர்த்துக் காட்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது முதலில் அளங்கள்; அப்போதே பூஜ்யம் வராவிட்டால் அந்த மீட்டரை இந்த வேலைக்கு நம்ப முடியாது.

டயோடு நன்றாக இருந்தும் ‘கீங்’ கேட்டால், புளூடூத்திலும் அது கேட்டால், தவறு பெரும்பாலும் வயரிங்கில். தனி ஆம்ப்ளிஃபயர் வைத்த வண்டிகளில் இது சர்வ சாதாரணம். செட் டேஷ்போர்டில் எர்த் ஆகிறது, ஆம்ப்ளிஃபயர் டிக்கியில் எர்த் ஆகிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள சின்ன அழுத்த வித்தியாசம், செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் உறை வழியாக ஓடி ஒலியாகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், அரை மீட்டருக்குள், பவர் வயரின் தடிமனிலேயே போடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். பவர் வயர் வண்டியின் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு குட்டி டப்பா விற்கிறார்கள். அது ஒலியைத் தடுக்கும், ஆனால் அடித்தொனியையும் கொஞ்சம் தின்றுவிடும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

என்ஜின் ஓடாமலே, ஏதாவது செருகினால் வரும் இரைச்சல்

எனக்கு நேர்ந்தது இதுதான், மற்ற வண்டிகளில் அடிக்கடி பார்ப்பதும் இதுதான்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மொபைல் சார்ஜர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க, மின்சாரத்தை வினாடிக்குப் பத்தாயிரக்கணக்கில் தொடங்கி லட்சக்கணக்கான முறை வரை வெட்டுகிறது. அந்த வெட்டும் வேகத்தின் மடங்குகள் எல்லாம் ரேடியோவில் வரிசையாக வந்து உட்காரும். நல்ல சார்ஜரில் உள்ளேயும் வெளியேயும் இதை அடக்கச் சுருளும் மின்தேக்கியும் இருக்கும். மலிவானதில் அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டு மட்டும் இருக்கும், பிரித்துப் பார்த்திருக்கிறேன். சார்ஜரை மட்டும் செருகும்போது சத்தம் குறைவாக, போனை மாட்டியதும் பெரிதாக வந்தால், போனுக்குப் போகும் கேபிளே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வேறு சார்ஜரை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. ஒரு மாலை நான்கைந்து பேரிடம் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தால் எது சுத்தமானது என்று தெரிந்துவிடும்.

எஃப்எம்மில் பாட்டு ஒலிபரப்பும் புளூடூத் டிரான்ஸ்மிட்டர் செருகியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். அது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் தானே ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ரேடியோ கேட்கும்போது அதைப் பிடுங்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டேஷ்கேம் கொஞ்சம் தந்திரமானது. முன்கேமரா, அதன் பவர் அடாப்டர், பின்கேமராவுக்குப் போகும் நீண்ட கேபிள் என்று மூன்று சந்தேக நபர்கள். ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். நான் அடாப்டரைப் பிடுங்கி, அதே கேமராவை ஒரு பவர் பேங்கில் ஓட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே அடாப்டர் குற்றவாளி இல்லை. பின்கேமரா கேபிளை மட்டும் கழற்றினேன், சத்தம் நின்றது. மாட்டிய கடைக்காரர் அந்தக் கேபிளைக் கூரை ஓரமாகக் கொண்டுபோய், கூரையின் பின்பகுதியில் இருக்கும் ஆன்டெனா அடிப்பாகத்தை ஒட்டி, ஆன்டெனா வயரோடு சேர்த்தே டேப் சுற்றியிருந்தார். பார்க்க அவ்வளவு நேர்த்தி. அதைப் பிரித்து மறுபக்கத் தூண் வழியாக விட்டேன், இரண்டு முனையிலும் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளை போட்டேன். முழுதாக அமைதி வரவில்லை, ஆனால் 936 மறுபடி கேட்கும்படி ஆனது. பின்கேமரா வைக்க நினைப்பவர்கள் மாட்டும்போதே கடைக்காரரிடம் ‘ஆன்டெனா வயர் போகும் பக்கம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். பிறகு பிரிப்பது பெரிய வேலை.

ஃபெரைட் பற்றி ஒரு வார்த்தை. கேபிளில் மாட்டும் கறுப்பு உருளையை ஒரு தடவை சும்மா கவ்விவிட்டால் எஃப்எம்முக்குக் கொஞ்சம் பலன் உண்டு, மீடியம் வேவுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேபிளை அதன் வழியாகப் பல சுற்று சுற்ற வேண்டும். பலன் சுற்றுகளின் வர்க்கத்தில் கூடும்: 5 சுற்று என்றால் 25 மடங்கு. பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்தே சுற்றுங்கள், சத்தம் பிறக்கும் முனைக்கு அருகில் வையுங்கள். ஃபெரைட்டின் கலவையும் முக்கியம். 31 என்ற கலவை ஷார்ட்வேவிலிருந்து எஃப்எம் வரை, 43 அதற்குக் கொஞ்சம் மேலே, மீடியம் வேவுக்கு 75 அல்லது 77. சென்னை ரிச்சி தெருவில் வளையங்கள் கிடைக்கும், ஆனால் கலவை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தெரியாத வளையம் என்றால் சுற்றிப் பார்த்துக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லையா? ஒரு பாக்கெட் ரேடியோ போதும். மீடியம் வேவில் காலியான இடத்தில் வைத்து, டேஷ்போர்டு ஓரம், தூண்கள், சாக்கெட், ஃபியூஸ் பெட்டி என்று அருகே கொண்டுபோங்கள். இரைச்சல் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நில்லுங்கள். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி இரைச்சல் வரும் பக்கத்தை நோக்கி நீளவாக்கில் நிற்கும்போது சத்தம் குறையும். ரேடியோவைத் திருப்பித் திருப்பி திசையையும் பிடித்துவிடலாம்.

ஹெட்லைட் போட்டால் நிலையம் மறைகிறது

ஹாலோஜனை எடுத்துவிட்டு எல்இடி பல்பு போட்ட வண்டி. என்ஜினை அணைத்து ஹெட்லைட்டை மட்டும் போட்டு அணைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பல்பின் பின்னால் தொங்கும் சின்னப் பெட்டியும் அதற்குள் இருக்கும் மின்விசிறியும் சார்ஜர் செய்யும் அதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. முன்பக்கம் ஆன்டெனா இருக்கும் பழைய வண்டிகளில் பாதிப்பு அதிகம்.

ஃபெரைட் சுற்றலாம், வயர்களை முறுக்கலாம், எர்த்தைச் சரி பார்க்கலாம். சில நேரம் குறையும். என் கருத்தைக் கேட்டால், 60/55 வாட் எச்4 ஹாலோஜனுக்கே திரும்பிவிடுங்கள். ஹாலோஜனுக்காகச் செய்த பிரதிபலிப்பானில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கிறது. இரண்டு காரணம் சேர்ந்தால் முடிவெடுப்பது சுலபம். நிறுவனமே எல்இடி வைத்துக் கொடுத்த வண்டிகளில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை.

சாவி போட்டதும் இரண்டு வினாடி, வைப்பர் போட்டால், புளோயர் சுற்றினால்

சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று வினாடி ‘உர்ர்’ என்று வந்து நின்றால் அது பெட்ரோல் பம்ப். என்ஜின் ஓடும்போது தொடர்ந்து வரும். வைப்பரோடும் புளோயரோடும் வருவது அந்த மோட்டார்களின் கார்பன் பிரஷ்ஷில் தாவும் பொறி. புளோயரின் ஒவ்வொரு வேகத்துக்கும் சத்தம் மாறினால் அதுதான். பிரஷ் தேய்ந்த மோட்டாருக்கு ஃபில்டர் போடுவது வீண், மோட்டாரையோ பிரஷ்ஷையோ மாற்ற வேண்டும். மோட்டார் நன்றாக இருந்தால் அதன் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போதும். பெட்ரோல் பம்பில் மட்டும் நீங்களே எதையும் ஒட்டவைக்காதீர்கள்; அது டேங்குக்குள் இருக்கிறது.

புது ஆண்ட்ராய்டு செட் மாட்டிய பிறகு எல்லாமே மங்கல்

இரைச்சல் புதிதாக வரவில்லை, நிலையங்கள்தான் பலவீனமாகிவிட்டன. அதனால் எப்போதும் இருந்த சின்னச் சின்ன இரைச்சல்கூடப் பெரிதாகக் கேட்கிறது. ஆன்டெனா ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போகவில்லை என்பது இதற்கு முதல் காரணம். கூரையில் குட்டியாக நிற்கும் ஆன்டெனாக்களுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் உண்டு. பழைய செட் அதற்கு 12 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலும் ஆன்டெனா கேபிள் வழியாகவே. புதிய செட்டில் அதற்கென்று ஒரு நீல வயர் தனியாக வரும். கடையில் அதை மடித்து டேப் ஒட்டி விட்டுவிடுகிறார்கள். நீல வயரோடு இணைக்கும் முனை உள்ள ஆன்டெனா அடாப்டரை வாங்கி இணைத்தால் சட்டென்று உயிர் வரும்.

ஆன்டெனா வயர் எட்டவில்லை என்று நடுவில் டிவி கேபிளை ஒட்டுப்போடும் வழக்கமும் இருக்கிறது. எஃப்எம்முக்கு அவ்வளவு தெரியாது. 98 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 76 சென்டிமீட்டர், கம்பி ஆன்டெனாவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் 936 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 320 மீட்டர். அதற்கு முன்னால் இந்தக் கம்பி ஒரு துரும்பு. அது பிடிக்கும் கொஞ்ச நஞ்சத்தையும் டிவி கேபிளின் கூடுதல் மின்தேக்கம் குடித்துவிடும். காருக்கென்றே விற்கும் நீட்டிப்பு வயரைப் போடுங்கள்.

கம்பி ஆன்டெனா என்றால் மீட்டரால் இரண்டே அளவு: நடு முனைக்கும் உறைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, உறைக்கும் பாடிக்கும் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். அடிப்பாகம் துருப்பிடித்து எர்த் விட்டுப்போன ஆன்டெனா, காரின் உள்ளே உள்ள எல்லா இரைச்சலையும் இழுத்துக்கொள்ளும். கழற்றிச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள்.

இன்னொன்று, மீடியம் வேவில் 936, கோவை 999, திருநெல்வேலி 1197 எல்லாம் விசிலோடு மங்கலாகக் கேட்டு, சென்னை 720 மட்டும் ஒழுங்காக நின்றால், செட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் படி, நமக்கு 9. 720 இரண்டு கணக்கிலும் வரும், மற்றவை வராது. செட்டிங்கில் இந்தியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் தீர்ந்தது.

வண்டி ஓடும்போது மட்டும்

குழியில் இறங்கும்போதெல்லாம் ‘கர்ரக்’ என்றால் ஆன்டெனா பிளக்கோ எர்த்தோ லூஸ். ஆன்டெனாவைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் பெரிதாக வந்து மறைந்தால் காரணம் காரில் இல்லை. மின்கம்பத்தில் லூஸான இணைப்போ விரிசல் விட்ட இன்சுலேட்டரோ இருக்கலாம். வெயில் காலத்தில் கடுமையாக இருந்து நல்ல மழையில் நின்றுபோனால் அதற்கே வாய்ப்பு அதிகம். கம்பத்தின் எண்ணைக் குறித்து இ.பி. ஆபீசில் சொல்லுங்கள், பொறி தாவும் இடம் அவர்களுக்கும் ஆபத்துதான்.

ஸ்பீக்கரில் ‘டிட்-டிடிட்-டிடிட்’ என்று வந்து, உடனே போன் அடித்தால், அது 2ஜி போன் வினாடிக்கு 217 முறை துடிப்பாக ஒலிபரப்புவது. ரேடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனைச் செட்டிலிருந்தும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் இரண்டடி தள்ளி வையுங்கள்.

ரேடியோ நன்றாக இருக்கிறது, ரிமோட் சாவியும் ஜிபிஎஸ்ஸும் திணறுகின்றன

இதுவும் அதே குடும்பம். நம் ஊர்க் கார்களின் ரிமோட் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். முன்பு இருபதடி தூரத்தில் திறந்த கதவு இப்போது ஒட்டி நின்றால்தான் திறக்கிறது என்றால், ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். அதன் பிறகும் அப்படியென்றால், வண்டி நிற்கும்போதும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும் டேஷ்கேம், டிராக்கர், சார்ஜர் இவற்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் மிக மெல்லிய சமிக்ஞை. முன்கண்ணாடியில் டேஷ்கேமும் போன் ஸ்டாண்டும் கைப்பிடி தூரத்தில் இருந்தால் வரைபடத்தில் உங்கள் வண்டி வயலுக்குள் ஓடும். ஓரடி நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்சாரக் கார்

இங்கே நாம் செய்யக் கூடியது குறைவு. மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டர் பல நூறு வோல்ட்டை வினாடிக்குப் பத்தாயிரம் முறை அளவில் வெட்டுகிறது. 10 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் என்றால் மீடியம் வேவ் முழுக்க ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில் ஒன்று. அடக்க வேண்டிய உறையும் ஃபில்டரும் எடை, செலவு என்று நிறுவனங்கள் பல மின்சாரக் கார்களில் மீடியம் வேவையே எடுத்துவிட்டன. ஃபோர்டு 2024 மாடல்களில் எடுப்பதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதத்தில் முடிவைத் திருப்பிக்கொண்டது. அவசர எச்சரிக்கை போய்ச் சேரும் வழி என்பதால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதற்காகவே மசோதா வந்தது. புயல் நாளில் கரண்டும் டவரும் போன பிறகு நம் கடலோரத்திலும் மிஞ்சுவது அந்த அலைதான், அதனால் இதை எண்ணி எனக்கு வருத்தம் உண்டு.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும், பிரேக்கில் மின்சாரம் திரும்பும்போதும் மட்டும் இரைச்சல் கூடினால் அது இன்வெர்ட்டர். அதில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த வேகம், எந்த அலைவரிசை என்று போனில் பதிவுசெய்து காட்டினால் உறை இணைப்பு லூஸாக இருக்கிறதா என்றாவது பார்ப்பார்கள். வண்டி நிற்கும்போதும் அதே இரைச்சல் இருந்தால், மேலே சொன்ன சார்ஜர், டேஷ்கேம் வேட்டையை இங்கேயும் நடத்துங்கள். அதில் சிக்கினால் நல்ல செய்தி. எதுவும் சரிவராத வண்டியில் பிரசார் பாரதியின் நியூஸ்ஆன்ஏர் செயலியைப் போனில் போட்டு புளூடூத்தில் கேட்கலாம். டிக்கியில் ஒரு பேட்டரி ரேடியோவும் இருக்கட்டும். டவர் போனால் செயலியும் போய்விடும்.